ஆள் இல்லாத பட்டறை

சீருடை அணிந்த இருவர் முற்றத்துக்குள் நுழைவதைச் சன்னல் வழியே கண்ட கணமே ருவிம்போ விளக்கை அணைத்தாள். பசை காயாத கரடிப் பொம்மையை நெஞ்சோடு அணைத்தபடி மேசைக்கு அடியில் போய் ஒடுங்கினாள்.

எந்தக் குற்றமும் செய்யாதவள் அவள். படிக்க வந்தாள், படித்தாள்; வூட்ஜ் நகரத்துக் கலைக் கல்லூரி பட்டமும் தந்தது. அயல்நாட்டுப் பட்டதாரி வேலை தேடவோ தொழில் தொடங்கவோ போலந்துச் சட்டம் ஒன்பது மாதம் அவகாசம் தருகிறது. அவள் தொழில் தொடங்கினாள். கம்பியை எலும்பாக்கி, பஞ்சைச் சதையாக்கி, அசைவூட்டத் திரைப்படங்களுக்குப் பொம்மை செய்து கொடுக்கும் சிறு பட்டறை. பெயரைப் பதிவு செய்தாள். வரி எண் வாங்கினாள். தங்கும் உரிமையை நீட்டிக்கக் கோரி மனுவும் கொடுத்தாள். பெயர்ப் பலகைகூட எழுதி வைத்திருந்தாள். அதைக் கதவில் மாட்டத்தான் துணிவு வரவில்லை. சொந்த ஊரான ஹராரேயில் அவள் தந்தையின் சைக்கிள் பழுதுக் கொட்டகையை ஒரே காலையில் இடித்துத் தள்ளியவர்களும் சீருடையில்தான் வந்தார்கள். அச்சத்துக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை; அது அவளோடு விமானத்தில் ஏறி வந்துவிட்டது.

வெளியே பக்கத்துத் தையல்கடைக்காரி தனுத்தாவின் குரல் கேட்டது.

"பொம்மைப் பட்டறையா? இங்கயா? நல்லாக் கேட்டீங்க போங்க! இந்த முற்றத்துல பொம்மையும் கெடையாது, என்னைத் தவிர பொம்பளையும் கெடையாது."

"ஆப்பிரிக்காக்காரப் பொண்ணு ஒண்ணு இருக்கறதா விலாசம் சொல்லுதேம்மா?"

"விலாசம் சொல்லும் தம்பி. நான் சொல்றேன், இல்ல."

பூட்ஸ் ஒலி தேய்ந்து மறைந்தது. கதவை இருமுறை தட்டி, தனுத்தா தலையை நீட்டினாள்.

"வெளிய வா கண்ணு, போயிட்டானுங்க. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி, ராணுவ ஆட்சியில, போலீஸ் என் புருஷனைத் தேடி வந்தப்பவும் இதேதான் சொன்னேன். அந்த மனுசன் அலமாரிக்குள்ள தும்மலை அடக்கிட்டு நின்னாரு!"

ருவிம்போ அவள் கைகளைப் பற்றிக்கொண்டு அழுதாள். 'பானி', அதாவது 'அம்மா', என்று போலந்து வழக்கப்படி மரியாதை சேர்த்தே அழைத்துப் பழகியவளுக்கு அன்று நன்றி சொல்ல அந்த ஒரு சொல்லுக்கு மேல் வாய் எழவில்லை.

மூன்று வாரம் கழித்து அஞ்சல் பெட்டியில் ஒரு சீட்டு கிடந்தது. பதிவுத் தபால் வந்திருக்கிறது, அஞ்சலகத்தில் வந்து பெற்றுக்கொள்க என்றது. அனுப்பியது குடியேற்ற அலுவலகம். சீட்டை மடித்து ஊசிப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். ஒரு வாரத்தில் இரண்டாவது சீட்டு வந்தது. அதையும் அங்கேயே வைத்தாள். கடிதத்தை வாங்கினால்தானே கெடு நாள் ஓடத் தொடங்கும்? வாங்காத வரையில் மறுப்பும் இல்லை, நாடு கடத்தலும் இல்லை. அச்சம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த சட்டம் இது.

கரடிக்குச் சட்டை தைக்கத் துண்டுத் துணி கொண்டுவந்த தனுத்தா, ஊசி தேடிய கையோடு சீட்டுகளைக் கண்டெடுத்தாள். கண்ணாடியை மாட்டித் தேதியைப் பார்த்தாள்.

"அடிப் பாவி! பதினாலு நாள் வாங்காம விட்டா, வாங்கின மாதிரியேதான் கணக்கு. அது தெரியாதா உனக்கு?"

"யாரும் சொல்லலையே, பானி…"

"பொம்மைக்கு முழி வைக்கத் தெரியுது, உனக்கு முழிச்சிருக்கத் தெரியல. இன்னைக்குப் பதினாலாவது நாள்! கெளம்பு, கெளம்பு!"

பனி மிதிபட்டுச் சேறாகிக் கிடந்த தெருவில் இருவரும் ஓடினார்கள். அஞ்சலகத்தில் முன்னே பதினொருவர் நின்றார்கள். சாளரம் மூடுமுன் கடைசி ஆளாகக் கையெழுத்திட்டு ருவிம்போ உறையை வாங்கினாள். அங்கே பிரிக்க முடியவில்லை, விரல்கள் விறைத்திருந்தன. தையல்கடையில், இஸ்திரிப் பெட்டியின் வெதுவெதுப்பில், தனுத்தாதான் பிரித்து வாய்விட்டு வாசித்தாள்.

"'மனுவில் கண்ட முகவரிக்கு எங்கள் சார்பில் இருவர் நேரில் சென்றனர். பட்டறை எதுவும் காணப்படவில்லை. அவ்வாறு எதுவும் இல்லை என்பதை அண்டைக் கடைக்காரர்…'"

அவள் குரல் அங்கேயே நின்றது.

மிச்சத்தை ருவிம்போ எட்டிப் படித்தாள். ஏழு நாட்களுக்குள் தக்க விளக்கமும் சாட்சியமும் தராவிடில் மனு நிராகரிக்கப்படும்.

அவள் இருக்கிறாளா என்று பார்க்க வந்தார்கள். பிடிக்க வரவில்லை, விரட்ட வரவில்லை; இருக்கிறாள் என்று எழுதிக்கொள்ள வந்தவர்களிடம் அவள் இல்லாதவளாகி ஒளிந்தாள். அன்பே உருவான அண்டைக் கடைக்காரியோ அந்த இல்லாமைக்குச் சாட்சி சொல்லி முத்திரை குத்தினாள்!

"நான் போய் மாத்திச் சொன்னா, அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு ஆகும்" என்றாள் தனுத்தா. அவள் கை மேசைமேல் கத்தரிக்கோலைத் தேடியது. எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. "இந்த வயசுல என்னைக் கூண்டுல நிறுத்தினா?"

"அப்போ வேண்டாம் பானி. நான் பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாத்துப்ப? மேசைக்கு அடியில இருந்தா?"

இருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ருவிம்போ பெயர்ப் பலகையைக் கதவில் வைத்துப் பிடித்தாள். முதல் அடி விரலில் விழுந்தது. பின்னாலிருந்து ஒரு கை வந்து ஆணியைப் பற்றியது.

"அடி" என்றாள் தனுத்தா. "என் விரலைத் தவிர எங்க வேணா அடி."

அன்றே தனுத்தா தன் கைப்பட எழுதிய வாக்குமூலத்தை இருவரும் சேர்ந்து அலுவலகத்தில் கொடுத்தார்கள். 'இல்லை என்று சொன்னது நான். அது பொய். பயத்தில் சொன்னேன்.' மூன்றே வரி. அதற்குள் அவளுக்கு நான்கு தாள் கிழிந்தது.

ஐந்தாம் நாள் முற்றத்தில் மீண்டும் பூட்ஸ் ஒலி. அதே இருவர். ருவிம்போவின் கை தானாக விளக்கின் பொத்தானுக்குப் போயிற்று. போன கையை மற்றொரு கையால் பிடித்து இழுத்தாள். விளக்கு எரிந்தது. சன்னலோரம் வரிசையாக நின்ற பொம்மைகள் வெளிச்சத்தில் துலங்கின.

தனுத்தா தன் கடை வாசலில், அளவு நாடா கழுத்தில் தொங்க, நெஞ்சை நிமிர்த்தி நின்றாள்.

"இந்த முற்றத்துல உங்களைத் தவிர பொம்பளையே இல்லன்னு சொன்னது நீங்கதானேம்மா?" என்றான் மூத்தவன்.

"நான்தான்! புடிக்கறதா இருந்தா என்னைப் புடி. அவ அதோ இருக்கா, போய்ப் பாரு."

ருவிம்போ கதவைத் திறந்தாள். மூத்தவன் தனுத்தாவைக் கடந்து உள்ளே வந்தான்; கம்பிச்சுருளைத் தொட்டான், பாதி முடிந்த நரியைத் தூக்கினான், பதிவுச் சான்றை வரிவரியாக வாசித்தான்.

"இது அசையுமா?" என்று கரடியைக் காட்டினான்.

அவள் கரடியின் வலக்கையை மெல்ல உயர்த்தினாள். விட்ட இடத்திலேயே கை நின்றது.

அவன் படிவத்தை மேசைமேல் வைத்து எழுதினான். முடிவு சொல்ல வேண்டியது அலுவலகம். அதற்கு இன்னும் வாரங்கள் ஆகலாம். அதை அறிந்தும், மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, அவன் எழுத்தைத் தலைகீழாக ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள்.

ஆள் இருக்கிறார்.