அய்யாதுரை வாங்கிய மூன்று டேப் ரிக்கார்டர்கள்

1961ஆம் ஆண்டு ஆடி மாதம் சிவகாசி அய்யாதுரை வாங்கிய டேப் ரிக்கார்டர், அவர் பாடியதையெல்லாம் அவர் மனைவி பொன்னுத்தங்கத்தின் குரலில் பதிவு செய்தது. அந்த நேரத்தில் பொன்னுத்தங்கம் கீழே அடுக்களையில் வாயைத் திறக்காமல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். நெடி ஏறி அவள் போட்ட இரண்டு தும்மலும்கூட நாடாவில் இருந்தன.

அய்யாதுரைக்கு லேபிள் அச்சடிக்கும் கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டு மாடியில் நான்கு பேர் கூடி ஆர்மோனியம், தபலா, புல்லாங்குழல் என்று வாசிப்பார்கள். பாடுவது அவர். பாடிய பதினோரு பாட்டும், சொல்லும் மெட்டுமாக, பொன்னுத்தங்கம் கட்டியவை. குடும்பப் பெண்ணின் குரல் அந்நியர் காதில் விழக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம் என்பதால் மாடியில் கூடுகிறவர்களைத் தவிர ஊருக்கு அது தெரியாது. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். வானொலி நிலையத்துக்கு அனுப்பவென்று முதல் பதிவுக்கு முன்பே எடுத்துவைத்திருந்த நாடாப் பெட்டியின் மேல் 'இயற்றிப் பாடியவர் அய்யாதுரை' என்று எழுதியிருந்ததைத் தூசி தட்டும்போது படித்தாள் பாருங்கள், அன்றிலிருந்து அவருக்குச் சோறு போட்டாளே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை. வயிறு எரிந்தது அவளுக்கு. எரியாமல் என்ன செய்யும்?

பழி இயந்திரத்தின் மேல் விழுந்தது. சிவகாசியில் எது கெட்டாலும் முதலில் ஈரத்தைத்தான் சந்தேகிப்பார்கள். தபலா வாசிக்கும் சண்முகவேலின் பட்டாசுக் கம்பெனிக் களத்தில், சரவெடிகளுக்குப் பக்கத்தில் நாடாவை நீள விரித்து மூன்று நாள் காயவைத்தார்கள். வெயில் பட்டதில் அவள் குரல் இன்னும் கணீரென்று வந்தது. மைக்கை மாற்றினார்கள். மதுரையிலிருந்து இரண்டு ஆள் தூக்கும் கனத்தில் வேறு இயந்திரம் வந்தது. அதற்கும் அடுத்த வருஷம், ஜெர்மன் நல்லதா ஜப்பான் நல்லதா என்று பருப்பு மண்டிக்காரர்வரை யோசனை கேட்டு மூன்றாவது வாங்கினார் அய்யாதுரை. கேட்க வேண்டிய ஒருத்தியிடம் மட்டும் கேட்கவில்லை. அவளை விருதுநகரிலுள்ள பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பதிவு செய்தபோது, அவள் குரலோடு விருதுநகர் ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டி ஊதும் சத்தமும் சேர்ந்து வந்தது.

"அண்ணாச்சி, மிஷின் மேல தப்பு இல்ல. பெட்டியில மதினி பேரப் போடுங்க" என்றார் சண்முகவேல்.

"பொம்பள பேரு ரேடியோவுல வந்தா நாலு பேரு என்ன சொல்லுவாக?" என்று கத்திவிட்டு, மனைவியை அழைத்துவர விருதுநகருக்கு ரயிலேறினார் அய்யாதுரை. அவள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"மூணு மிஷின மாத்திட்டீக. பெட்டியில எழுதுன ஒரு வரிய மாத்த மனசு வரலையாக்கும்."

வந்த வண்டியிலேயே தனியாகத் திரும்பினார். மூன்று வாரம் ஓட்டல் சாப்பாடு. நான்காவது வாரம் அந்த வரியை அடித்து, 'இயற்றியவர் பொன்னுத்தங்கம்' என்று எழுதி, பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டி அழைத்துவந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதே இயந்திரம் அய்யாதுரையின் குரலை அப்படியே பதிவு செய்தது. இரண்டு வருஷத்தில் அவர் தன் குரலைக் கேட்டது அன்றுதான். நன்றாக இல்லை. பதினோரு பாட்டிலும் சுருதி விலகியிருந்தது. இது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. மிஷின் இப்போது சரியாக இருக்கிறது என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். அய்யாதுரை மைக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு படியிறங்கி அடுக்களைக்குப் போனார்.

பொன்னுத்தங்கத்தின் கோபம் ஆறியிருக்கவில்லை. மைக்கை அவள் கையில் வாங்கவில்லை.

"மாடிக்கு வாறேன்" என்றாள். "அங்கன ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க."