பிள்ளையார் சுழிக்கு ஏற்ற பேனா

பேனா வாங்கப் போன இடத்தில் பத்துமலை நாலு வார்த்தை எழுதிப் பார்த்திருக்கலாம். நம் ஆட்கள் யார் அப்படிச் செய்கிறார்கள்? கையில் பேனா கிடைத்தால் ஒரு பிள்ளையார் சுழி. அதோடு சரி.

ஈப்போ டவுன் கடையில் முதலாளியான சீனத் தவுக்கே மூன்று பேனாக்களை எடுத்து வைத்தார். மெல்லிய முள் தாளைக் கீறியது. நடுத்தர முள் பரவாயில்லை. தடித்த முள்ளோ வழுக்கிக்கொண்டு ஓடியது. அதில் போட்ட 'உ' கொழுகொழுவென்று நின்றது. மயங்கிவிட்டான். அதையே வாங்கிக்கொண்டான்.

மறுநாள் குமரப்பச் செட்டியாரின் துணிக்கடையில் எழுத்து வேலைக்குச் சோதனை. வேலை கிடைத்தால் ரப்பர் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்துவிடலாம். நிறைமாத வயிற்றோடு மனைவி முத்தம்மா பால்மரம் சீவப் போக வேண்டியதில்லை. அவனுக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

மூட்டையில் ஒட்டும் சீட்டு ஒன்றைச் செட்டியார் நீட்டினார். இரண்டு விரல் அகலம், மட்டமான தாள். மேலே சுழி போட்டான். பிரமாதம்.

"கண்ணையான்னு எழுது" என்றார்.

எழுதினான். 'ண்' போட்டதுமே அதன் சுழிக்குள் மை புகுந்து அடைத்துக்கொண்டது. கையை லேசாக்கினான், மை நிற்கவில்லை. முள்ளைக் கவிழ்த்து அதன் முதுகால் எழுதினான். கோடு மெலிந்தது, தாள் கிழிந்தது. கீறுகிறதே என்று ஒதுக்கிய அந்த மெல்லிய முள் இப்போது நினைவுக்கு வந்தது. வந்து என்ன செய்ய?

"தம்பி, இது கண்ணையாவா, கன்னையாவா? ஒருத்தரு பீடோர்ல இருக்காக, ஒருத்தரு கோலா கங்சார்ல இருக்காக. மூட்டைய நான் எங்கிட்டு அனுப்ப?"

"வேற பேனா குடுத்தா நல்லா எழுதிருவேங்க ஐயா."

"வெளிய இன்னும் ஆளுக நிக்கிறாக" என்று சீட்டை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, அடுத்தவனைக் கூப்பிட்டார்.

பத்துமலை சீட்டோடு வெளியே வந்தான். யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை.

தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் முத்தம்மா காத்திருந்தாள். சீட்டை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்த 'உ' ஒன்றுதான் தெரியும். முகமெல்லாம் சிரிப்பு.

"எம்புட்டு அழகா போட்டிருக்கீங்க! வேலை நமக்குத்தான்னு எனக்குத் தெரியும்லா. இனிமே வரமாட்டேன்னு கங்காணிகிட்ட காலையிலயே சொல்லிட்டேன். டவுனுக்கு எப்பப் போறோம்?"

பாவி மனிதன், சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டான். அப்படியே திரும்பி, கங்காணி வீட்டைப் பார்த்து நடந்தான்.