இருநூறு லிட்டர் விலக்கு

எங்கள் பட்டறையின் மஞ்சள் பெயிண்டுக்கு ஊரில் தனி மதிப்பு உண்டு. பள்ளிக்கூடக் கதவு, குழந்தைகள் கட்டில், பூங்கா ஊஞ்சல் என்று எதைத் தொட்டாலும் எங்கள் வீட்டு நிறம்தான். அப்பா தொடங்கினார், நான் வளர்த்தேன், இப்போது தம்பி நடத்துகிறான்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், பெயிண்டில் ஈயம் இருக்கிறதா என்று சோதித்துச் சான்று வாங்க வேண்டும் எனச் சட்டம் வந்தது. சிறிய பட்டறைகள் சார்பில் மனு எழுதியவன் நான். நாளொன்றுக்கு இருநூறு லிட்டருக்குக் குறைவாகத் தயாரிப்பவர்களுக்கு விலக்கு கிடைத்தது. அதற்குக் காரணமாக என் மனுவின் வாக்கியத்தையே, என் பெயரைப் போடாமல், எழுத்து மாறாமல் அரசிதழில் அச்சிட்டார்கள்: "சிறிய அளவில் தயாரிக்கப்படும் வண்ணங்களால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை." அந்தப் பக்கத்தைக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்த யாரையும் அதைக் காட்டாமல் அனுப்பியதில்லை.

தம்பி மகள் சட்ட ஆய்வு நிலையத்தில் வேலை பார்க்கிறாள். எந்தச் சட்டம் எந்த ஊரில் என்ன பலன் தந்தது என்று பார்ப்பது அவர்கள் வேலை. போன வாரம் ஒரு கோப்போடு வந்தாள்.

"பெரியப்பா, ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது."

"கோபப்படற மாதிரி சொல்லாதே."

"அப்ப நான் வாயே திறக்க முடியாது."

"நீ சொல்லும்மா," என்றாள் உள்ளே இருந்து என் மனைவி. "இவர் கோபம் பால் பொங்கற மாதிரி. அடுப்பை அணைச்சா அடங்கிடும்."

அவள் சொன்னாள். பதினோரு ஊர்களைப் பார்த்திருக்கிறார்கள். ஆறு ஊர்களில் உள்ளூர் நிர்வாகம் இந்த விலக்கைத் தரவில்லை. அங்கே குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம், சட்டம் வந்த நான்கே ஆண்டுகளில் பாதியாகிவிட்டது. விலக்கு உள்ள ஐந்து ஊர்களில் அசையவே இல்லை. குடிநீர்க் குழாய், வாகனப் புகை எல்லாவற்றையும் சோதித்தாயிற்று. காரணம் அவை இல்லை.

"நம்ம பெயிண்டு?"

"அப்பாகிட்ட கேட்டுத்தான் டப்பா எடுத்தேன். வரம்பைப் போல நாப்பது மடங்கு."

என் கண் கூடத்தில் மாட்டியிருந்த அந்தப் பக்கத்துக்குப் போனது.

"இந்த விலக்கைப் பத்தி நாளைக்கு விசாரணை, பெரியப்பா. அந்த வாக்கியத்தை யாரோ நிபுணர் எழுதினார்னு சொல்லித்தான் பட்டறைச் சங்கம் விலக்கைக் காப்பாத்திட்டு வருது. ஆவணக் காப்பகத்துல தேடினோம். அறிக்கையும் இல்ல, சோதனையும் இல்ல. உங்க மனு மட்டும்தான் இருக்கு. உங்க பேரை மறைச்சுக் குடுக்கலாம். ஆனா மறைச்சா அவங்க மறுபடியும் நிபுணர்னுதான் சொல்லுவாங்க."

"அண்ணே, மறைச்சிடச் சொல்லுங்க," என்றான் அவளோடு வந்திருந்த தம்பி. "ஊர் சிரிக்கும்."

"எதை வெச்சு எழுதினீங்க, பெரியப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஒரு மத்தியானம் எழுதினேன். எழுதுமுன் அப்பாவையும் இரண்டு வேலையாட்களையும் கேட்டேன். யாரும் புகார் சொன்னதில்லை என்றார்கள். யாரும் புகார் சொன்னதில்லை என்பதை, யாருக்கும் தீங்கு இல்லை என்று எழுதிவிட்டேன்.

"என் பேருக்கு மேல மை பூசறதுக்கு நான் திருடனா?" என்றேன். "நானே வர்றேன்."

மறுநாள் சங்கச் செயலாளர் எதிர்பார்த்தபடியே பேசினார். "அக்காலத்து நிபுணர்கள் யோசிக்காம எழுதியிருப்பாங்களா?"

எழுந்து நின்றேன். "நிபுணர் யாரும் இல்லீங்க. நான்தான் எழுதினேன்."

விசாரணைக் குழுவின் தலைவியம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன ஆதாரத்துல, ஐயா?"

"மூணு பேரைக் கேட்டேன். மூணு பேரும் எங்க பட்டறைதான்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் திரும்பவில்லை. விலக்கை நீக்கப் பரிந்துரைக்கக் குழுவுக்குக் கால் மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. குறிப்பெழுதுபவர் என் முழுப்பெயரைக் கேட்டார். அப்பா பெயரையும் சேர்த்து, ஓர் எழுத்தும் தவறாதபடி நிறுத்திச் சொன்னேன்.

படியிறங்கும்போது தம்பி முணுமுணுத்தான்: "அப்பா பேரையும் சொல்லணுமா, அண்ணே?"

"பாதியை மறைச்சுச் சொல்ற பழக்கம் நம்ம வீட்டுல எப்ப வந்தது?"

அவன் கொஞ்ச தூரம் நடந்த பிறகு, ஈயம் கலக்காத மஞ்சள் பொடி எங்கே கிடைக்கும் என்று மகளிடம் விசாரிக்கத் தொடங்கினான்.