நடுங்காத மண்டபம்

புளியங்குளத்தில் பரமேஸ்வரன் கட்டிய திருமண மண்டபத்துக்குக் கூரை போடும் முன்பே விளம்பரம் கட்டியாயிற்று: "நிலநடுக்கத்துக்கும் நடுங்காத மண்டபம்." கனடாவில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்தவர் அவர். கொங்கிறீற் தூணும் இரும்பு பீமும் சேர்ந்தால் அசைக்க முடியாது என்று வருவோர் போவோருக்கெல்லாம் வகுப்பெடுத்தார். இரண்டும் சந்திக்கும் மூட்டில் என்ன இருக்கவேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை.

அவர் அமர்த்தியிருந்த பொறியியலாளர் சிவதர்சினி ஒருநாள் சாரத்தில் ஏறிப் பார்த்தாள். பீம் தூணை ஊடறுக்கும் இடங்களில், நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டவேண்டிய வளையக் கம்பிகள் ஒன்றுகூட இல்லை. பீம் இடைஞ்சலாக இருந்ததாம், விட்டுவிட்டார்களாம். பீமில் துளையிட்டு வளையங்களைக் கோர்க்கச் சொன்னாள். நிலம் ஆடினால் முதலில் நொறுங்குவது இந்த மூட்டுத்தான் என்றாள். ஓட்டை போட்டால் இரும்பு பலவீனமாகாதா என்று பரமேஸ்வரன் கேட்டுவிட்டு, தன் கேள்வியின் கூர்மையை மெச்சித் தானே சிரித்தார். மறுநாள் அவள் வருமுன் கொங்கிறீற் ஊற்றியாயிற்று.

பூச்சும் காய்ந்த பிறகு ஒரு மாலை நிலம் இலேசாக அதிர்ந்தது. யன்னல் கண்ணாடிகள் சற்றுக் கிலுகிலுத்தன, அவ்வளவுதான். மண்டபத்திலிருந்து முதலில் வெளியே ஓடியவர் அதன் சொந்தக்காரர். மூச்சு வாங்கி முடித்ததும் சிவதர்சினியைக் கூப்பிட்டார். நிலநடுக்கத்தைத் தாங்கிய கட்டடம் என்று அவள் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டுமாம்.

"நிண்டதுதானே தங்கச்சி? கண்ணாலை பாத்தனாங்கள்தானே?"

"பூமி கொட்டாவி விட்டதுக்கு நிலநடுக்கம் எண்டு பேர் வைக்காதேங்கோ. மூட்டுகளை இரும்புத் தகடு சுத்தி இறுக்குங்கோ. பிறகு கையெழுத்தைப் பற்றிக் கதைப்பம்."

தகடு சுற்றினால் தூணின் வடிவு கெட்டுவிடும் என்று அவர் மெய்யாகவே வருந்தினார்.

அவள் வேலையை விட்டாள். பிரதேச சபையில் கொடுத்த முறைப்பாட்டுக்கு, இந்தப் பக்கம் நிலம் ஆடுவதில்லை என்று பதில் வந்தது. கையெழுத்தை வேறொரு பொறியியலாளர் வைத்தார், மண்டபத்தை வந்து பாராமலே. திறப்பு விழாவில் அவருக்கும் பரமேஸ்வரனுக்கும் பொன்னாடை போர்த்தினார்கள்.

அங்கே நடந்த முதல் கலியாணம் சிவதர்சினியின் ஒன்றுவிட்ட தங்கை யதுர்ஷிகாவினுடையது. இடத்தை மாற்றச் சொல்லிச் சிவதர்சினி வீடு வீடாகப் போய் மன்றாடினாள். மாப்பிள்ளை பகுதிக்கு அந்த மண்டபந்தான் வேண்டுமாம். கலியாணத்துக்கு அவள் போகவில்லை. அம்மாவை மறிக்க முடியவில்லை.

"போங்கோ. ஆனால் வாசலுக்குக் கிட்ட உள்ள கதிரையிலை இருங்கோ அம்மா."

அம்மா அப்படியே இருந்தாள். மேடைக்குக் கிட்ட வரச்சொல்லிக் கூப்பிட்டும் அசையவில்லை. அது தங்களுக்குச் செய்த அவமரியாதை என்று மாப்பிள்ளை வீட்டார் இன்றுவரை தாயோடும் மகளோடும் கதைப்பதில்லை.