யாகப்பரின் கசற்றுகள்

அருள்நாயகி பிஸ்கட் ரின்னைக் கடை மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள். உள்ளே நாற்பத்தொரு கசற்றுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் நீல மையில் திகதியும் நேரமும் எழுதியிருந்தது. எழுத்து அவளுடைய அண்ணன் யாகப்பருடையது.

"இதுகளைச் சீடியில ஏத்தித் தரேலுமோ பிள்ளை?"

கடைக்கார உம்மு ஸல்மா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரை விட்டுப் போகவேண்டி வந்த முஸ்லிம் குடும்பங்களில் ஒன்று அவளுடையது. அப்போது அவளுக்குப் பதினேழு வயது. புத்தளத்தில் கொம்பியூட்டர் படித்தவள், சண்டை நின்று பாதை திறந்ததும் வாப்பாவின் பழைய கடைக்கே திரும்பி வந்திருந்தாள். கடிதம் ரைப் பண்ணுவது, கலியாண வீடியோவைச் சீடியாக்குவது, வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுத்துக் கொடுப்பது எல்லாம் அங்கே நடந்தது.

"பாட்டுகளோ அக்கா?"

"இல்லைப் பிள்ளை. அண்ணன் லைசன்ஸ் எடுத்து வீட்டில ரேடியோ செற் வைச்சிருந்தவர். ஆகாயத்தால வெளிநாட்டு ஆக்களோட கதைக்கிறவர். கதைச்சதுகளைப் பதிஞ்சு வைச்சிருக்கிறார்."

"அவர் இப்ப எங்க?"

"எண்பத்தைஞ்சில போனவர்."

ஸல்மாவுக்கு அந்தப் 'போனவர்' விளங்கியது. 2003ஆம் ஆண்டு மன்னாரில் அநேகமான வீடுகளில் இப்படி ஒரு வசனம் இருந்தது.

யாகப்பர் தலைமன்னார் ரயில் நிலையத்தில் தந்தி அடிக்கும் கிளாக்கராக இருந்தவர். அம்மா செத்த பிறகு அருள்நாயகி அவருடைய குவாட்டர்ஸில் வந்திருந்து சமைத்துப் போட்டாள். பின்னேரம் வேலை முடிந்து வந்தால் அவர் முன்னறையில் செற்றுக்கு முன் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் ஒரு கசற் ரேடியோவைப் பதிவில் போட்டிருப்பார். சண்டை தொடங்கியதும் இந்தியாவுக்கான கப்பல் நின்றது, ரயிலும் குறைந்தது. எண்பத்தைந்தில், வீடுகளில் உள்ள செற்றுகளை எல்லாம் இராணுவ முகாமில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு கடிதம் வந்தது. யாகப்பர் செற்றைச் சாக்கில் கட்டி, சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே புறப்பட்டார். "மத்தியானச் சாப்பாட்டுக்கு வாறன்" என்றார். வரவில்லை. செற்றைத் தந்தார், கையெழுத்து வைத்தார், போய்விட்டார் என்று முகாமில் சொன்னார்கள். சைக்கிளும் கிடைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அரிப்பு என்ற மீனவ ஊரிலிருந்து மீன் கொண்டு வருகிற ஒருவர், அவரைப் போல ஓராள் அங்கிருந்து இந்தியாவுக்குப் போன வள்ளத்தில் ஏறியதைக் கண்டதாகச் சொன்னார். அருள்நாயகி அதைப் பிடித்துக்கொண்டாள். முதல் வருடம் அது ஆறுதலாக இருந்தது. கடிதம் ஒன்றும் வராமல் வருடங்கள் போகப் போக அதே கதை கோபமாக மாறியது. அக்கரையில் குடும்பமும் பிள்ளைகளுமாக இருப்பார், தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைவே இருக்காது என்று சொந்தக்காரரிடமும் சொல்லத் தொடங்கினாள். ஆனாலும் தொண்ணூறில் ஊரோடு மடு மாதா கோயிலுக்கு ஓடியபோது மாற்றுச் சேலையோடு அவள் தூக்கிப் போனது இந்த ரின்னைத்தான். திரும்பி வந்து தோட்டவெளியில் தனியே ஒரு வீட்டில் இருந்தாள். கூட்டுறவுச் சங்கக் கடையில் கிளாக்கர் வேலை. கசற்றைப் போட்டுப் பார்க்க நல்ல ரேடியோவும் இல்லை, மனமும் வரவில்லை. நாற்பத்தேழு வயதில், அண்ணனின் குரல் எப்படி இருந்தது என்று ஒரு நாள் யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. அந்தச் சனிக்கிழமைதான் பஸ் ஏறி மன்னார்ப் பட்டினத்துக்கு வந்தாள்.

ஸல்மா கசற் பிளேயரைக் கொம்பியூட்டரோடு கொழுவி முதல் கசற்றை ஓடவிட்டாள். இரைச்சல். பிறகு கீ, கீ என்று விட்டு விட்டு ஒரு சத்தம். ஐந்து நிமிடம் போனது.

"அக்கா, இது பழுதாப் போச்சுது போல. கீக் கீக் எண்டுதான் கேக்குது."

அருள்நாயகிக்கு விளங்கிவிட்டது. "பழுதாகேல்லைப் பிள்ளை. தந்தி. அவர் தட்டுறார்."

மற்றக் கசற்றுகளையும் அங்கங்கே போட்டுப் பார்த்தார்கள். எல்லாம் தந்திதான். குரலே இல்லை. அருள்நாயகி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, விடும் பிள்ளை" என்று ரின்னை மூடப் போனாள்.

ஸல்மா மூடியில் கையை வைத்தாள். "நில்லுங்கோ அக்கா. இங்க பாருங்கோ."

திரையில் சத்தம் படமாக விழுந்திருந்தது. குட்டைத் துண்டும் நீளத் துண்டும் வரிசையாக நின்றன. தடித்து ஒரே சீராக நின்றது பக்கத்தில் இருந்து தட்டியவரின் சத்தம், மெல்லிசாக நடுங்கியது தூரத்திலிருந்து வந்தது. "தடிப்பா நிக்கிறது உங்கட யாகப்பர் நானா. கேட்டு விளங்காட்டியும் பாத்து வாசிக்கலாம்தானே? எந்த எழுத்துக்கு எத்தினை எண்டு இன்ரநெற்றில எடுத்துத் தாறன்."

அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானம் அருள்நாயகி அந்தக் கடைக்கு வந்தாள். ஒரு கசற் ஒன்றரை மணித்தியாலம், அது ஓடி முடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். சில கசற்றுகளில் பூஞ்சணம் படிந்திருந்தது. சில உள்ளே ஒட்டிப்போயிருந்தன. ஸல்மா ஆணியைக் கழற்றி, நாடாவை வேறு கசற்றின் கோதுக்குள் மாற்றி, பென்சிலால் மெல்லச் சுற்றி இளக்கினாள். ஒவ்வொரு கசற் ஓடி முடிந்ததும் பிளேயரின் தலையை ஸ்பிரிற் தோய்த்த பஞ்சால் துடைத்தாள். இரண்டு கசற்றுகள் மட்டும் எதற்கும் மசியவில்லை.

அருள்நாயகி திரையைப் பார்த்து எழுத்தெழுத்தாகக் கொப்பியில் எழுதினாள். முதல் மாதம் ஒரு மத்தியானத்துக்கு நாலு வரி. பிறகு பத்து வரி. எழுதியவை எல்லாம் ஆங்கிலம், எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. உங்கள் சத்தம் நன்றாகக் கேட்கிறது. என் பெயர் யாகப்பர். ஊர் தலைமன்னார். இங்கே மழை. இங்கே காற்று. நன்றி, வணக்கம். ஜப்பான்காரனுக்கும் அதுதான், ரஷ்யாக்காரனுக்கும் அதுதான். இதைச் சொல்லவா இத்தனை வருடம் பின்னேரப் பின்னேரமாக முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று அவளுக்குச் சலிப்பாக வந்தது. அடுத்த அறையில் அவள் ஒருத்தி இருந்தாள். அவளிடம் மழை பெய்கிறது என்றுகூட அவர் சொன்னதில்லை.

முப்பத்தாறாவது கசற்றில் எழுத்துகள் சொல்லாகச் சேரவில்லை. பிழையாக எழுதிவிட்டேன் என்று அழித்து அழித்து எழுதினாள். பிறகு வாய்விட்டு வாசித்தாள். அது தமிழ். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருந்தார்கள். எதிர்ப்பக்கம் தூத்துக்குடியில் உப்பளத்துக் கணக்கப்பிள்ளை, பெயர் காத்தமுத்து. அவரும் லைசன்ஸ் எடுத்தவர். இருவரும் நெடுநாள் சிநேகிதர் என்று விளங்கியது. விலாசம்கூட ஓரிடத்தில் இருந்தது.

வாசிக்கக் கிடைத்ததில் கடைசியான முப்பத்தொன்பதாவது கசற்றில், அவர் போவதற்கு முதல்நாள் திகதியில், இது இருந்தது.

நாளைக்குச் செற்றைக் கொடுக்கப் போறன்.

கொடுக்காதே. படகில் ஏறி இங்கே வா. என் வீடு இருக்கு.

வர ஏலாது.

ஏன்.

தங்கச்சி தனியா இருப்பாள்.

அருள்நாயகி பென்சிலை வைத்துவிட்டாள். ஸல்மா எட்டிப் பார்த்துக் கொப்பியை வாசித்தாள். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள்.

"பதினெட்டு வருசமா நான் அவரைத் திட்டிக்கொண்டு இருந்தனான் பிள்ளை," என்றாள் அருள்நாயகி. "சொந்தக்காரருக்கு முன்னால. கோயிலிலயும்."

அந்தக் கிழமையே அந்த விலாசத்துக்குக் கடிதம் போட்டாள். ஆறு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. காத்தமுத்து உயிரோடு இருந்தார், அறுபத்து மூன்று வயது. கடையின் இலக்கத்துக்கு வருகிற சனிக்கிழமை மூன்று மணிக்குப் பேசுவதாக எழுதியிருந்தார்.

ரெலிபோன் சரியாக மூன்று மணிக்கு அடித்தது.

"யாகப்பன் தங்கச்சியாம்மா?"

"ஓம். அண்ணன் அங்க உங்களிட்ட வந்தவரோ?" என்ன பேசுவது என்று ஒரு கிழமையாக யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய், முதல் வார்த்தையாக இதைத்தான் கேட்டாள்.

"வந்திருந்தா எங்கிட்டதானம்மா வந்திருப்பான். அவனுக்கு இங்க வேற யாரைத் தெரியும்? ராமேஸ்வரத்துல படகு வந்து இறங்குற எடமெல்லாம் போய்க் கேட்டேன். மண்டபம் அகதி கேம்ப்புலயும் பார்த்தேன். ரெண்டு வருசம் தெனமும் சாயங்காலம் அவனோட அழைப்புக் குறியைத் தட்டிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்."

அருள்நாயகி கொப்பியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ கடுதாசில எழுதுன அந்த டேப்பு பக்கத்துல இருக்காம்மா? கொஞ்சம் போடேன்."

ஸல்மா ஸ்பீக்கருக்குக் கிட்ட ரிசீவரைப் பிடித்தாள். கீ, கீ என்று கடை முழுக்கக் கேட்டது. ஒரு நிமிடம் போனபின் அவள் ரிசீவரை அருள்நாயகியிடம் கொடுத்தாள்.

"அவன் கைதான்," என்றார் காத்தமுத்து. "கடைசி நீட்டை எப்பவும் கொஞ்சம் கூட இழுப்பான். ஆயிரம் பேர் தட்டினாலும் எனக்குத் தெரியும். மொகத்தை நான் பார்த்ததே இல்லம்மா. எப்படி இருப்பான்?"

அருள்நாயகி சொன்னாள். உயரம், ஒல்லி, முன்பல் ஒன்று கொஞ்சம் வெளியே. சிரித்தால் கையால் வாயை மூடுவார். சொல்லச் சொல்ல முகம் அவளுக்கே தெளிவாக வந்தது. குரல் வரவில்லை.

வாசிக்கக் கிடைத்த முப்பத்தொன்பது கசற்றுகளையும் ஸல்மா இரண்டு கட்டுச் சீடிகளில் ஏற்றினாள். ஒன்று தூத்துக்குடிக்குத் தபாலில் போனது. மாதம் ஒருமுறை காத்தமுத்து கடைக்குப் பேசுவார். தாமே தட்டி மறந்துபோன கதைகளைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார். அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக அருள்நாயகி மற்ற நாட்களை எண்ணினாள்.

2006இல் மறுபடி சண்டை தொடங்கியது. சோதனைச் சாவடிகள் பெருகின, கடைத்தெரு பின்னேரத்திலேயே வெறிச்சோடியது. ஸல்மாவின் வாப்பா இன்னொருமுறை எல்லாவற்றையும் இழக்க முடியாது என்றார். அவர்கள் புத்தளத்துக்கே திரும்பப் போனார்கள். கடையோடு அந்த ரெலிபோன் இலக்கமும் போனது. அருள்நாயகி தூத்துக்குடிக்கு இரண்டு கடிதம் போட்டாள். பதில் வரவில்லை.

அந்த வருடம் நவம்பர் இரண்டாம் திகதி நடக்கும் மரித்த ஆத்துமாக்களின் பூசைக்கு முதல்நாள், பங்குப் பாதரிடம் போய் அண்ணனின் பெயரைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னாள்.

பாதர் பேனையை எடுத்தார். "இறந்த திகதி?"

"தெரியாது பாதர். பேரை மட்டும் வாசியுங்கோ."

மறுநாள் பூசையில் பட்டியல் நீளமாக இருந்தது. வாசித்து முடிப்பதற்குள் பாதருக்கு இரண்டு முறை தண்ணீர் குடிக்க வேண்டி வந்தது. யாகப்பரின் பெயர் நடுவில் எங்கோ வந்து போனது. பூசை முடிந்து சனம் மெழுகுதிரிகளோடு சேமக்காலைக்குப் போய் அவரவர் கல்லறையைத் தேடிப் பிரிந்தது. அருள்நாயகிக்குப் போக இடம் இருக்கவில்லை. பெரிய சிலுவையின் அடியில் குந்தியிருந்து தன் திரியை மண்ணில் ஊன்றினாள். கடல்காற்றில் அது மூன்று முறை அணைந்தது.

பக்கத்தில் வந்து குந்திய ஒரு பெண் தன் கையால் காற்றை மறைத்துப் பிடித்தாள். அவளிடமும் ஒரு திரி இருந்தது.

"ஆருக்கு?" என்று கேட்டாள்.

"அண்ணனுக்கு. உங்களுக்கு?"

"மகனுக்கு."

இருவரும் அந்த இரண்டு திரிகளையும் காற்றுக்கு மறைத்த கைகளை விலக்காமல் அப்படியே இருந்தார்கள்.