கேட்காமல் வந்த சாலை

கேட்ட பணத்தைக் கொடுக்கவே மூக்கால் அழுகிற மாநில அரசு, கேட்காத பணத்தை நீட்டியதும் மேயர் அம்மாவுக்குச் சந்தேகம் தட்டியது. பள்ளிக்கூடத் தெருவுக்குப் புதுச் சாலையாம், முழுச் செலவும் அவர்களுடையதாம்.

"தாம்பாளத்துல வச்சுக் கொடுக்குறாங்க, கையெழுத்துப் போட கசக்குதா?" என்று பேனாவை நகர்த்தினார் துணை மேயர்.

"சும்மா கொடுக்கிற ஆளுங்களாய்யா அவங்க?"

வரைபடத்தை விரித்த மேயர் தாரின் கனத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சைக்கிளும் பள்ளி வேனும் போகிற தெருவுக்கு, கன்டெய்னர் லாரி ஓடுகிற நெடுஞ்சாலையின் கனமா?

எதிரே மாநிலப் பொறியாளர் பிஸ்கெட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். "தரமா போடணும்னு மேலிடத்து உத்தரவு மேடம்."

"ரொம்பச் சந்தோஷம். தெருமுனையில 'லாரிகள் நுழையக் கூடாது'ன்னு நாங்க ஒரு பலகை வச்சிருக்கோம். அது பாட்டுக்கு அங்கேயே இருக்கட்டும், என்ன?" என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார் மேயர்.

ஒடிந்து விழப்போகும் பிஸ்கெட்டிலேயே கண்ணாக இருந்த பொறியாளர் உளறிவிட்டார்.

"அதைத்தான் காலையிலயே பிடுங்கிட்டோமே மேடம்."