வேதாசலத்தின் படகுக்குப் பலகை

...பிரியவில்லை, நான்கு மணி நேரம் கொதித்தும் இந்தப் பலகைத் துண்டில் ஒரு அடுக்குகூடப் பிரியவில்லை, நகத்தை விட்டு நெம்பிப் பார்க்கிறேன், விரல்நுனிதான் சுடுகிறது, அப்படியானால் இதுதான் நிஜமான மெரைன் பிளை, எவ்வளவு ஊறினாலும் விட்டுப்போகாதது, தன் வீட்டுப் படகுக்கென்று தன் கடையிலிருந்தே வேதாசலம் அனுப்பியது... இந்தப் பக்கம் படகு கட்ட வேறு ஆளில்லை என்று கூச்சமில்லாமல் என்னிடமே. நாலு மில்லிமீட்டர், ஓரத்தில் எங்கும் ஓட்டையில்லை, எல்லா அடுக்கும் ஒரே கனம். போன மழைக்கு முன்னால் என் வீட்டுக்காரர் டேனியலிடமும் இதே வாயால்தானே மெரைன் என்று சொல்லி விற்றார்? அதில் கட்டிய படகில்தானே டேனியல் வெள்ளம் புகுந்த முடிச்சூர் தெருக்களில் ஜனங்களை ஏற்றி இறக்கினார், மூன்றாம் நாள் அடிப்பலகை நனைந்த நோட்டுப் புத்தகம் மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்து, ஆற்று இழுப்பில்... கல்லறையில் மண் தள்ளி முடிப்பதற்குள் வேதாசலம் எல்லார் காதிலும் விழச் சொன்னார், "மரத்துல தப்பில்லப்பா, டேனியல் ஒழுங்கா கட்டல." ஒன்பது மாதமாக அந்த வார்த்தையோடுதான் கண் விழிக்கிறேன். இருந்தும் நினைத்தேனே, பாவம், கம்பெனிக்காரன் அவரையும் ஏமாற்றியிருப்பான் என்று... இல்லை. எது பிரியும், எது பிரியாது என்று அவருக்குத் தெரியும்.

தார்ப்பாய்க்கு அடியில் டேனியல் வாங்கிய அந்தப் பழைய சரக்கில் இரண்டு பலகை மிச்சம். ஒன்றை இழுத்துப் போட்டேன். வரதராஜபுரத்தில் வேதாசலம் வாசலில் மழைக்கு இடுப்பளவு தண்ணீர் நிற்கும், பெயின்ட் அடித்துவிட்டால் எந்தப் பலகை என்று யாருக்குத் தெரியும்... வெந்நீர் ஊற்றி, ஈரச்சாக்கைப் போர்த்தி, படகின் வளைவுக்கு முழங்காலை வைத்து அழுத்துகிறேன், பரபரத்தால் மேல்தோல் வெடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும், டேனியல் ஒரு பலகைக்கு ஒரு மத்தியானத்தையே கொடுப்பார், அவரா ஒழுங்காகக் கட்டாதவர்? ஒரு முனையை இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் மாட்டியாயிற்று, மறுமுனைக்குப் போவதற்குள் போன், ஸ்பீக்கரில் போடுகிறேன்.

"இன்னாம்மா ஜெனி, பிளை நல்லா வளையுதா?"

வேதாசலம். சொல்ல நினைக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்கிறது.

"வளையுதுண்ணா. பழைய சரக்கு ரெண்டு கெடந்துச்சு, உங்க கடை பிளைதான். வீணா கீதேன்னு அதுலயே பண்றேன்."

 அவர் பக்கம் பஸ் ஹாரன் அடிக்கிறது.

"அது வேணாம்மா. நான் அனுப்புனதுலயே பண்ணு."

"ஏண்ணா? அதுவும் மெரைன்தானே. நீங்கதானே சொன்னீங்க."

ஆமாம் என்றால் அந்தப் படகில் அவர் ஏற வேண்டும், இல்லை என்றால் டேனியலைக் கொன்றது எது என்று அவர் வாயாலேயே வர வேண்டும்... இரண்டும் வரவில்லை, லைன் மட்டும் கட்டாகாமல் இருக்கிறது, மூச்சு கேட்கிறது. அன்றைக்கு அவர் பேசியதை நூறு பேர் கேட்டார்கள், பேசாமல் இருப்பதைக் கேட்க நான் ஒருத்திதான், யாரிடம் போய்ச் சொல்வேன், யார் நம்புவார்கள்... போதும், இதற்காகத்தானே ஒன்பது மாதமாகக் காத்திருந்தேன், போதும் என்றுதான் நினைக்கிறேன், முழங்காலை எடுத்துவிடலாம், பலகை தானாக நிமிர்ந்துகொள்ளும்... ஆனால் வலது கை தரையைத் துழாவிக்கொண்டிருக்கிறது, மறுமுனைக்கு இன்னொரு கிளாம்ப் எங்கே என்று.